‘வேணும்’ என்றார் சவேரியார்

மயிலைக் கரை – 17

போன வாரம் லஸ் கோயிலில், 1516 என்று பொறித்த கல்வெட்டுக்கு முன்னால் உங்களை நிற்க வைத்துவிட்டுப் போயிருந்தேன். இந்த வாரம் கல்லையும் சுண்ணாம்பையும் விட்டுவிடுவோம். கோயில்களைக் கட்டினார்கள், இடித்தார்கள், மறுபடியும் கட்டினார்கள். அதற்கெல்லாம் கல்வெட்டு இருக்கிறது, வரைபடம் இருக்கிறது. உள்ளே நின்று ஒருவர் பேச, ஊரே உட்கார்ந்து கேட்டதே, அந்தப் பேச்சுக்கு என்ன சாட்சி? காற்றோடு போன சமாசாரம். ஆனாலும் சாந்தோமிலிருந்து சின்னமலை வரைக்கும் இந்த வட்டாரத்துக் கிறிஸ்தவர்கள் எந்தத் தமிழில் ஜெபித்தார்கள், யார் பக்கத்தில் உட்கார்ந்தார்கள், யாரோடு பந்தியில் சாப்பிட்டார்கள், ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணிக்கு வீடு திரும்பினார்கள் என்பதையெல்லாம் தீர்மானித்தது அந்தப் பேச்சுதான் என்பது என் கட்சி.

பெயரிலிருந்தே தொடங்கலாம். கத்தோலிக்க வீட்டுப் பாட்டி ‘சாமியார் பிரசங்கம்’ என்பார். பேத்தி ‘ஃபாதர் மறையுரை’ என்பாள். சி.எஸ்.ஐ.க்காரருக்கு அது ‘ஆயர் பிரசங்கம்’. விசேஷ நாளாக இருந்தால் ‘அருளுரை’. பெந்தெகொஸ்தே சபைக்காரரிடம் கேட்டால், ‘பாஸ்டர் இன்னைக்கு நல்ல செய்தி கொடுத்தார்’ என்பார். ஒரே காரியத்துக்கு நாலு பெயர். வேதாகமத்துக்குள்ளேயே இந்த வேறுபாடு புகுந்திருக்கிறது. சீர்திருத்தச் சபையாரின் பழைய தமிழ் பைபிளில் ‘பிரசங்கி’ என்று ஒரு புத்தகம் உண்டு. 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பில் அதே புத்தகத்துக்குச் ‘சபை உரையாளர்’ என்று பெயர். வடசொல்லைத் தள்ளிவிட்டுத் தமிழ்ச்சொல் வைத்தார்கள் என்று இதைக் கடந்துபோய்விட வேண்டாம். பிரசங்கி என்றால் தனியாள் ஒருவர் கண்ணில் தெரிகிறார். சபை உரையாளர் என்றதும் அவருக்கு எதிரே ஒரு கூட்டம் வந்து உட்கார்ந்துவிடுகிறது.

அந்தக் கூட்டம் எப்போது வந்து உட்கார்ந்தது?

1545இல் பிரான்சிஸ் சவேரியார் மயிலாப்பூருக்கு வந்தார். ஏறக்குறைய நாலு மாதம் தங்கினார். தோமையார் கல்லறைக் கோயிலை ஒட்டிய பங்குக்குருவின் வீடுதான் ஜாகை. அந்தக் குருவின் பெயர் காஸ்பர் கொயேலோ. அடுத்து எங்கே போவது என்று தெளிவு கேட்டுக் கல்லறையில் ஜெபித்துக்கொண்டிருந்துவிட்டு, இங்கிருந்துதான் மலாக்காவுக்குக் கிளம்பினார். வரும்போதே அவருக்கு முத்துக்குளித்துறைப் பரதவர்களிடையே இரண்டு ஆண்டுக்கு மேல் வேலை செய்த அனுபவம் இருந்தது.

அங்கே அவர் கையாண்ட முறை எளிமையானது. கையில் ஒரு மணி. அதை அடித்துக்கொண்டே தெருத்தெருவாகப் போவார். பிள்ளைகள் கூடிவிடுவார்கள். மனப்பாடம் பண்ணி வைத்திருந்த தமிழில் விசுவாச அறிக்கை, கர்த்தர் கற்பித்த ஜெபம், பத்துக் கட்டளை என்று வரிவரியாகச் சொல்லிக்கொடுப்பார். அதைப் பிள்ளைகள் வீட்டில் போய் அப்பா அம்மாவுக்குச் சொல்ல வேண்டும். தமிழ் தெரியாத ஒருவர், தமிழ் தெரிந்தவர்கள் எழுதிக் கொடுத்ததை ஒப்பித்து நடத்திய பிரசங்கம் அது.

ஒப்பித்ததில் ஒரு பிழை இருந்தது. கடவுளை நான் நம்புகிறேன் என்று தொடங்க வேண்டிய அறிக்கையை, எழுதிக் கொடுத்த புண்ணியவான் ‘எனக்கு வேணும்’ என்று தமிழ்ப்படுத்தி வைத்திருக்கிறார். கொஞ்ச நாள் அப்படியே ஓடியிருக்கிறது. கடற்கரை முழுவதும் பிள்ளைகள் கூட்டமாக நின்று ‘வேணும், வேணும்’ என்று கத்தியிருக்கின்றன! விஷயம் தெரிந்ததும் சவேரியார் தம் கூட்டாளி மான்சிலாசுக்குக் கடிதம் எழுதினார். ‘வேணும்’ என்றால் விரும்புகிறேன் என்று பொருளாம், இனிமேல் அந்த இடத்தில் ‘விசுவாசம்’ என்று சொல்லிக்கொடுங்கள் என்பது அதன் சாரம். தமிழ்ப் பிரசங்கத்தின் வரலாற்றில் பதிவாகியிருக்கும் முதல் திருத்தங்களில் ஒன்று இது. இந்த ‘வேணும்’ என்ற சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரை முடிவதற்குள் அது அடையாற்றங்கரைப் பக்கமாகத் திரும்பி வரும்.

சவேரியார் போய் அறுபது ஆண்டு கழித்து மதுரைக்கு வந்தவர் ராபர்ட் தெ நொபிலி. ரோமில் பெரிய குடும்பத்துப் பிள்ளை. காவி உடுத்தி, மரக்கறி உண்டு, தத்துவ போதகர் என்று பெயர் வைத்துக்கொண்டு அவர் நடத்திய வாழ்க்கையும், அதை எதிர்த்துச் சக துறவிகளே ரோம் வரைக்கும் புகார் கொண்டுபோனதும், 1623இல் பாப்பரசர் 15ஆம் கிரகோரியார் அவருக்குச் சாதகமாக ஆணை கொடுத்ததும் பலருக்குத் தெரிந்த கதை. அவர் காலமானது நம் மயிலாப்பூரில் என்பது மட்டும் மயிலாப்பூர்க்காரர்களுக்கே அவ்வளவாகத் தெரியாது. மதுரை, சிறை, யாழ்ப்பாணம் என்று அலைந்து, பார்வை மங்கிய நிலையில் இங்கே வந்து சேர்ந்தார். 1656 ஜனவரி 16 அன்று, எழுபத்தெட்டு வயதில், இந்தக் கடற்கரையில் அவர் கதை முடிந்தது.

அவருடைய ‘ஞானோபதேச’த்தில் 26 பிரசங்கங்கள் இருக்கின்றன. இயேசு சபை அறிஞர் ச. இராசமாணிக்கம் 1963இல் அவற்றைப் பதிப்பித்தார். தமிழில் பிரசங்கம் என்ற உரைநடை வடிவத்தை உட்கார்ந்து யோசித்து எழுதிய முதல் ஆட்களில் நொபிலி ஒருவர். கேட்கிறவன் எதிர்க்கேள்வி கேட்பான் என்று நினைத்துக்கொண்டு எழுதியவர். ஒரு கருத்தைச் சொல்லி, அதற்கு ஆட்சேபம் சொல்லி, ஆட்சேபத்துக்குப் பதில் சொல்லி நகர்வது நம் ஊர் தர்க்க மரபுக்குப் பழக்கமான நடை. அவர் காலத்துக்கு முன் பாதிரியார்களின் பேச்சில் போர்த்துக்கீசியச் சொற்கள் கலந்துகிடந்தன. கோயில், குரு, பூசை, பிரசாதம் போன்ற சொற்களைக் கிறிஸ்தவப் பேச்சுக்குள் ஊன்றியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. வெள்ளை வேட்டி கட்டிய மயிலாப்பூர்க் கத்தோலிக்கர் ஒருவர் இன்றைக்கும் ‘கோயிலுக்குப் போயிட்டு வரேன்’ என்றுதான் சொல்கிறார். சர்ச்சுக்கு என்று சொல்வது பேரப்பிள்ளைகளின் வழக்கம்.

கடவுளுக்கு என்ன பெயர் என்பதில் பிரசங்க பீடம் ஒரு முடிவுக்கு வர நானூறு ஆண்டுக்கு மேல் பிடித்தது. என்றிக் என்றிக்கஸ் அடிகள் 1578இல் அச்சடித்த புத்தகத்தில் அவர் ‘தம்பிரான்’. நொபிலிக்குச் ‘சர்வேசுரன்’. வேப்பேரியில் இருந்த பப்ரிசியுசுக்குப் ‘பராபரன்’. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ‘தேவன்’ வந்தார். பொது மொழிபெயர்ப்பில் ‘கடவுள்’. ஒவ்வொரு பெயர் மாறும்போதும் சபையில் வயதானவர்கள் முணுமுணுத்திருப்பார்கள். ஜெபத்தில் பழகிய சொல் மாறினால், வேறு யாரையோ கூப்பிடுவதுபோல் இருக்கும் அல்லவா?

கத்தோலிக்கக் கோயிலில் பிரசங்கத்துக்கு இன்னொரு தனி மதிப்பும் இருந்தது. 1960களின் நடுப்பகுதி வரை பூசை லத்தீனில் நடந்தது. சாமியார் பீடத்தைப் பார்த்தபடி, ஜனங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, புரியாத மொழியில் ஜெபிப்பார். ஜனங்கள் தங்கள் பாட்டுக்கு ஜெபமாலை உருட்டிக்கொண்டிருப்பார்கள். திடீரென்று சாமியார் திரும்புவார், தமிழில் பேசுவார். அந்தக் கால் மணி நேரம்தான் கோயில் ஜனங்களோடு அவர்கள் மொழியில் பேசிய நேரம். திருமணத் தடை, நோன்பு, பங்குத் திருவிழா வரி, யார் வீட்டில் சண்டை எல்லாம் அந்தக் கால் மணிக்குள் வந்துவிடும். பிரசங்கத்தில் ஒருவர் பெயர் சொல்லாமல் சுட்டப்பட்டால், அந்த வாரம் முழுவதும் ஊருக்கு அதுதான் பேச்சு.

சீர்திருத்தச் சபையில் கதை வேறு மாதிரி. அங்கே பிரசங்கம்தான் ஆராதனையின் நடு முதுகெலும்பு. 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு அடுத்த ஆண்டே தமிழில் பிரசங்கம் செய்தார்; எழுத்தர்களை வைத்து ஓலையிலும் எழுதச் செய்தார். பெஞ்சமின் ஷுல்ட்சே 1726இல் சென்னைக்கு வந்தார். 1742இல் வந்த பப்ரிசியுஸ் ஏறக்குறைய ஐம்பது ஆண்டு இங்கேயே கிடந்து, பைபிளையும் ஜெர்மானியப் பாட்டுகளையும் தமிழாக்கி, அகராதி தொகுத்து, கடைசியில் கடன் தொல்லையில் சிறைக்கும் போய்வந்து 1791இல் கண்ணை மூடினார். வேப்பேரி நம் தொடரின் எல்லைக்கு வெளியே இருப்பதால் அவரை இத்தோடு விட்டுவிடுகிறேன். விட மனமில்லை.

வெள்ளைக்காரப் பாதிரியார்களின் பெயர்கள்தான் புத்தகங்களில் நிற்கின்றன. நாள்தோறும் பேசியவர்கள் உபதேசியார்கள். சம்பளம் சொற்பம், கையில் ஒரு குடை, ஒரு புத்தகம், கொஞ்சம் கைப்பிரதி. சாயங்காலம் சந்தை கலையும் நேரமாகப் பார்த்துத் தெருமுனையில் நின்று, முதலில் ஒரு கீர்த்தனையை எடுப்பார்கள். தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் பாட்டு என்றால் கூட்டம் தானாக வரும். பாட்டு கேட்கும், பேச்சு தொடங்கியதும் பாதி கலையும், மீதிப் பாதியில் இரண்டு பேர் எதிர்க்கேள்வி கேட்பார்கள். எதிர்க்கேள்விக்கு வாயடைக்காமல் பதில் சொல்பவன்தான் உபதேசியாராக நிலைக்க முடியும். பெண்களுக்குத் தெருமுனை கிடையாது. அவர்களுக்கு வீட்டு உள்கட்டு. சிந்தாதிரிப்பேட்டை சீயோன் ஆலயத்தில் 1860கள் தொடங்கி ஏறக்குறைய முப்பது ஆண்டு ஆயராக இருந்தவர் டபிள்யூ. டி. சத்தியநாதன். அவருடைய மனைவி அன்னா பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தியதோடு, வெளியே வராத பெண்களைத் தேடி வீடு வீடாகவும் போனார். ‘பைபிள் உமன்’ என்று பெயர் பெற்ற பெண்கள் கூடத்துத் தரையில் உட்கார்ந்து சொன்னதற்குப் பிரசங்கம் என்று யாரும் பெயர் கொடுக்கவில்லை. என்னைக் கேட்டால் அதுவும் பிரசங்கம்தான்.

பீடத்திலிருந்து நல்ல சொல் மட்டும் வரவில்லை, வெடியும் வந்தது. 1833இல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு முற்றாக ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டார். அதுவரை கோயிலில் வேளாளர் ஒரு பக்கம், பறையர் ஒரு பக்கம் என்று உட்கார்ந்திருந்தார்கள். திருவிருந்துக் கிண்ணத்தை யார் முதலில் வாங்குவது என்பதிலும் வரிசை இருந்தது. வேப்பேரியிலும் தஞ்சையிலும் பல வேளாளக் குடும்பங்கள் எழுந்து வெளியே போய்விட்டன. வேதநாயக சாஸ்திரியாரே சாதி வழக்கத்தை ஆதரித்து எழுதியவர் என்பதை அவருடைய பாட்டை ரசிக்கிறவர்கள் மறைக்க வேண்டியதில்லை. ஆண்டுக்கணக்காக அன்பைப் பற்றிக் கேட்ட காதுகள், பக்கத்தில் யார் உட்காருவது என்று வந்ததும் அடைத்துக்கொண்டன. பிரசங்கத்தின் பலத்தையும் அது எங்கே தோற்கும் என்பதையும் ஒரே சமயத்தில் காட்டிய நிகழ்ச்சி இது.

பிரசங்கத்தின் பலத்தைச் சபைக்காரர்களைவிட நன்றாகக் கண்டுகொண்டவர் ஒரு சைவர். யாழ்ப்பாணத்து வெஸ்லியன் பள்ளியில் பீட்டர் பெர்சிவல் பாதிரியாருக்குத் துணையாக இருந்து, பைபிள் மொழிபெயர்ப்பில் உழைத்த ஆறுமுக நாவலர்தான் அவர். மொழிபெயர்ப்பைச் சரிபார்க்கச் சென்னைக்கு வந்தபோது, மழவை மகாலிங்கையர் அந்தத் தமிழைப் பார்த்து நல்ல சான்று கொடுத்தார். நாவலர் அதே காலத்தில் வேறொன்றையும் செய்தார். 1847 டிசம்பர் 31, வெள்ளிக்கிழமை மாலை, வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் ஒரு பிரசங்கம் நிகழ்த்தினார். அதன்பின் வெள்ளிதோறும் தொடர்ந்தார். அதுவரை கோயிலில் புராணம் படித்தார்கள். ஒருவர் பாட்டைப் படிக்க, மற்றவர் பொருள் சொல்வார். நாவலர் தொடங்கியது அது அன்று. இன்ன தலைப்பு என்று எடுத்துக்கொண்டு, உரைநடையில், எல்லோருக்கும் விளங்கும்படி, வாரம் தவறாமல் பேசுவது. பாதிரியார் பக்கத்தில் ஆண்டுக்கணக்காக இருந்து கற்ற வித்தை அது. ஆண்டின் கடைசி இரவில் ‘வாட்ச்நைட்’ ஆராதனை வைப்பது வெஸ்லியன்களின் பழக்கம். நாவலர் தொடங்கியதும் டிசம்பர் 31. வெள்ளிக்கிழமை என்பதால் தற்செயலாகவும் அமைந்திருக்கலாம். எனக்கு அதை நினைத்தால் சிரிப்பு வரும்.

அதற்குப் பிறகு பிரசங்கம் யாருடைய தனிச்சொத்தாகவும் இருக்கவில்லை. 1907 மே மாதம் விபின் சந்திர பாலர் மெரினா மணலில் பேச, ஆயிரக்கணக்கானவர்கள் கேட்டார்கள். தமிழ் மேடைப்பேச்சின் வேரைத் தேடிப்போன அமெரிக்க மானிடவியலாளர் பெர்னார்ட் பேட், கிறிஸ்தவத் தெருப்பிரசங்கத்திலிருந்து நாவலர் வழியாகச் சுதேசிக் கூட்டங்களுக்கும், அங்கிருந்து திராவிட இயக்க மேடைக்கும் ஒரு கோடு இழுத்துக் காட்டினார். கோடு அவ்வளவு நேராக இருந்திருக்காது என்பது என் எண்ணம். ஆனாலும் மைக்கைப் பிடித்து ‘அன்பானவர்களே’ என்று தொடங்குகிற எந்த ஊர்ப் பேச்சாளரையும் கேட்கும்போது அந்தக் கோடு எனக்கு ஞாபகம் வராமல் இருந்ததில்லை.

சபைக்குத் திரும்புவோம். பிரசங்கத்தின் முழு ஆட்சியைப் பார்க்க விரும்புகிறவர்கள் பெரிய வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு ஏதாவது ஒரு சி.எஸ்.ஐ. ஆலயத்துக்குள் போய் உட்கார வேண்டும். மூன்று மணி வரை வெளியே வர முடியாது. சிலுவையில் இயேசு சொன்ன ஏழு திருமொழிகள். மொழிக்கு ஒரு பிரசங்கம். நடுநடுவே பாமாலை, ஜெபம், மௌனம். வெள்ளைப் புடவைகளும் வெள்ளைச் சட்டைகளுமாகக் கூடம் நிறைந்திருக்கும். நீளக் கம்பியில் தொங்கும் மின்விசிறிகள் சூட்டைக் கிளறிவிடும். கைவிசிறிக்குப் பதில் ஆராதனைமுறைத் தாள். நாலாவது திருமொழிக்கு வரும்போது முன்வரிசைத் தாத்தாவுக்குக் கண் செருகும். ஐந்தாவது ‘தாகமாயிருக்கிறேன்’ என்பது. அந்த நேரத்தில் அந்த வார்த்தையைக் கேட்க, தொண்டை உண்மையாகவே வறண்டிருக்கும். பிரசங்கியார் அதிகம் உழைக்கவே வேண்டாம்.

இந்த மூன்று மணி ஆராதனை எங்கிருந்து வந்தது என்று சபையில் கேட்டால், பலர் இங்கிலாந்து என்று சொல்லுவார்கள். இங்கிலாந்து வழியாக வந்தது உண்மை. பிறந்த இடம் தென் அமெரிக்காவில் பெரு நாட்டின் லீமா. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் அலோன்சோ மெசியா என்ற இயேசு சபைக் குரு தொடங்கிய பக்தி முயற்சி இது. கத்தோலிக்கரின் லீமாவில் முளைத்தது, ஆங்கிலிக்கர் கைமாறி, சென்னைச் சீர்திருத்தச் சபைகளின் உச்சப் பிரசங்க நாளாகிவிட்டது. ஏழு பிரசங்கத்துக்கு ஏழு பேர் வேண்டும் அல்லவா? அதனால் அன்றைக்குப் பல ஆலயங்களில் பீடம் ஆயரின் கையை விட்டு இறங்கி வரும். பள்ளி ஆசிரியர், வங்கி அதிகாரி, பெண்கள் ஐக்கியத் தலைவி என்று சபையார் ஏறுவார்கள். அந்த ஒரு பகலுக்காக ஒரு மாதம் முன்பிருந்தே நோட்டுப் போட்டுத் தயாரிப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பீடத்தை ஒரேயடியாகத் தரைக்கு இறக்கியவர் ஒரு பஞ்சாபி. பக்த் சிங் சீக்கியக் குடும்பத்தில் 1903இல் பிறந்தவர். கனடாவில் பொறியியல் படிக்கும்போது கிறிஸ்தவரானவர். 1930களின் பிற்பகுதியில் சென்னைக்கு வந்து பேசத் தொடங்கினார். தமிழ் தெரியாது. ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் அவர் சொல்ல, பக்கத்தில் நிற்பவர் தமிழில் அதே வேகத்தில், அதே கையசைவோடு சொல்வார். இப்படி இரட்டைக் குழலாகப் பிரசங்கம் கேட்பது சென்னைக் கிறிஸ்தவர்களுக்கு இன்றளவும் இருக்கும் ஒரு பழக்கம்; நல்ல மொழிபெயர்ப்பாளர் கிடைத்தால் மூலத்தைவிட நகல் நன்றாக இருப்பதும் உண்டு. பக்த் சிங்குக்குக் கூட்டம் சேர்ந்தது. கூடவே சபைத் தலைவர்களுக்குத் தயக்கமும் சேர்ந்தது. 1941இல் பல்லாவரத்து மலைமேல் நண்பர்களோடு ஓர் இரவு முழுவதும் ஜெபித்துவிட்டு, அந்த ஜூலையில் ‘யெகோவா ஷம்மா’ என்ற பெயரில் தனிச் சபையைத் தொடங்கினார்.

அங்கே பெஞ்சு இல்லை. பாயில் உட்கார வேண்டும், ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். அங்கி கிடையாது; அச்சடித்த ஆராதனைமுறை கிடையாது. மணிக்கணக்கில் வேதத்தைப் புரட்டிப் புரட்டிப் பேசுவார்; ஒரு வசனத்திலிருந்து இன்னொன்றுக்கு, அதிலிருந்து வேறொன்றுக்கு. கேட்கிறவர் கையிலும் பைபிள் இருந்தாக வேண்டும், கூடவே புரட்டியாக வேண்டும். முடிந்ததும் யாரும் வீட்டுக்குப் போவதில்லை. அதே தரையில் எல்லோருக்கும் அன்பின் விருந்து. பக்கத்து இலையில் யார் என்று யாரும் கேட்கக் கூடாது. பேராயர் வில்சன் சுற்றறிக்கையால் சாதிக்கப் பார்த்ததை இந்தப் பஞ்சாபி சோற்றால் செய்தார் என்று சொன்னால் கொஞ்சம் மிகைதான். ஆனால் மூன்று மணி நேரம் ஒரே பாயில் உட்கார்ந்து, ஒரே வசனத்துக்குத் தலையாட்டியவர்களை அடுத்த அரை மணியில் தனித்தனிப் பந்தியில் உட்கார வைப்பது கஷ்டம். பேச்சு அங்கே பந்தியாக முடிந்தது.

1947 செப்டம்பர் 27இல் கதீட்ரல் சாலையின் செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உதயமானதைப் பற்றி இந்தத் தொடரில் தனியாக எழுதுவேன். இங்கே ஒன்று மட்டும். 1965 முதல் 1974 வரை சென்னைப் பேராயராக இருந்த லெஸ்லி நியூபிகின், நகரத்து ஆயர்களைக் கூட்டி வைத்துப் பேசி வந்தார். பிரசங்கிகளுக்கே பிரசங்கம். அந்தப் பேச்சுகள் 1977இல் புத்தகமாயின. குடிசைப்பகுதியும் தொழிற்பேட்டையும் வளர்ந்துகொண்டிருந்த ஊரில் ஆலயத்துக்குள் மட்டும் பேசினால் போதுமா என்பதுதான் அவர் அடிக்கடி கிளறிய கேள்வி.

அந்தக் கேள்விக்கு அவர் எதிர்பார்க்காத இடத்திலிருந்து ஒரு பதில் வந்தது. டி. ஜி. எஸ். தினகரன், சுரண்டையில் 1935இல் பிறந்தவர், ஸ்டேட் வங்கி ஊழியர், சி.எஸ்.ஐ. சபைக்காரர். 1972இல் இலங்கை வானொலியில் அவர் குரல் கேட்கத் தொடங்கியது. சினிமாப் பாட்டுக்காக எல்லார் வீட்டிலும் திருப்பி வைத்திருந்த அதே வானொலி. பிரசங்கம் சமையலறைக்குள் வந்தது. ஆலயப் படியையே மிதிக்காதவர்கள் காதிலும் விழுந்தது. கேட்டவர்கள் கடிதம் எழுதினார்கள். ‘இயேசு அழைக்கிறார்’ ஊழியம் வளர்ந்து, கிரீன்வேஸ் சாலையில் 1983இல் ஜெபக்கோபுரம் எழுந்தது. இரவு பகல் எந்நேரமும் தொலைபேசியில் கூப்பிட்டு ஜெபம் கேட்கலாம். இன்று அந்தச் சாலையின் ஒரு பகுதிக்கே அவர் பெயர்.

மக்கள் என்ன கேட்டார்கள்? பிள்ளை வேணும். வேலை வேணும். வீட்டுக்காரர் குடியை விட வேணும். கட்டி கரைய வேணும். மான்சிலாசுக்கு எழுதிய கடிதத்தில் சவேரியார் அடித்துத் திருத்திய சொல், நானூறு ஆண்டு கழித்து அடையாற்றுப் பக்கத்தில் கடிதக் கட்டுகளாக வந்து இறங்கியது. இதைக் கேலியாகச் சொல்லவில்லை. படித்த ஆயர்கள் பலர் இதை மலிவான பிரசங்கம் என்று முகம் சுளித்தார்கள். ஆனால் பழைய ஆலயங்களில் ஞாயிறுதோறும் அழகான மூன்று தலைப்புப் பிரசங்கம் கேட்டுவிட்டு வெளியே வந்தவர்களிடம், ‘உங்களுக்கு என்ன வேணும்?’ என்று எத்தனை பேர் கேட்டார்கள்? அதே சமயம், வேணும் என்பதிலேயே தொடங்கி வேணும் என்பதிலேயே முடிகிற பிரசங்கம், கேட்டது கிடைக்காதவனை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்ற கேள்வியும் இருக்கிறது. அதற்கு நான் திருப்தியான பதில் கேட்டதில்லை.

1973இல் ஏழு பேரோடு பாஸ்டர் டி. மோகன் தொடங்கிய புதுவாழ்வு ஏ.ஜி. சபை, சின்னமலைப் பக்கத்தில் இன்று ஞாயிற்றுக்கிழமைகளில் பல மொழிகளில், பல வேளைகளாக ஆராதனை நடத்துகிறது. தோமையார் ஒளிந்து ஜெபித்ததாக மரபு சொல்லும் குகைக்குக் கொஞ்ச தூரத்தில் பேருந்து நிறைய ஆட்கள் பைபிளும் சாப்பாட்டுப் பையுமாக இறங்குவதைச் சைதாப்பேட்டைக்காரர்கள் பார்த்திருப்பார்கள். பழைய சபைகளும் சும்மா இருக்கவில்லை. கிதார், கீபோர்டு, திரையில் பாட்டு வரி, ஆண்டின் கடைசி இரவில் வாக்குத்தத்த வசனம் எல்லாம் இப்போது எங்கேயும் உண்டு. காலையில் பாமாலை பாடிவிட்டு மாலையில் எழுப்புதல் கூட்டத்துக்குப் போய்வந்த சபையார், போய்வந்த இடத்தின் வாசனையோடு திரும்பினார்கள்.

கத்தோலிக்கப் பக்கம் எதிர்த்திசையில் போயிற்று. 1963 டிசம்பரில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாட்டைப் பற்றி ஆணை வெளியிட்டது. மறையுரை வழிபாட்டின் ஓர் அங்கம், ஞாயிற்றுக்கிழமைகளில் அதை விடக் கூடாது என்றது. விரைவிலேயே பூசை முழுக்கத் தமிழுக்கு வந்தது. பிரசங்கத்துக்குக் கிடைத்த கட்டாயத்தோடு, தமிழ் அதற்கு மட்டும் சொந்தம் என்ற பெருமை போய்விட்டது. அன்றன்றைக்கு வாசித்த வேதப் பகுதியை ஒட்டி, சுருக்கமாகப் பேச வேண்டும். 2024இல் பாப்பரசர் பிரான்சிஸ் எட்டு நிமிடத்துக்கு மேல் வேண்டாம், ஜனங்கள் தூங்கிவிடுவார்கள் என்றே சொல்லிவிட்டார். பக்த் சிங் கேட்டிருந்தால் எட்டு நிமிடத்தில் முதல் ஜெபம்கூட முடியாதே என்றிருப்பார்.

இந்தக் கட்டுரைக்காகத் தேடியபோது கையில் கிடைத்ததெல்லாம் பெரிய பெயர்கள். நொபிலிக்குப் பதிப்பாசிரியர் கிடைத்தார்; நியூபிகினுக்குப் பதிப்பகம் கிடைத்தது; தினகரனுக்கு ஒலிநாடா. குடையும் கைப்பிரதியுமாகத் தெருமுனையில் நின்ற உபதேசியார்களின் பேச்சு இரண்டே இடங்களில்தான் இருந்தது. ஒன்று கேட்டவர்களின் காது. மற்றது, அவர்கள் எழுதி வைத்த நோட்டுப் புத்தகம்: ஒரு பக்கம் வசனம், எதிர்ப்பக்கம் குறிப்பு, ஓரத்தில் எந்த ஊரில் எந்தத் தேதியில் பேசினார் என்ற விவரம். இப்படி ஒரு நோட்டுக் கட்டைப் பழைய பேப்பர் கடைக்குப் போட்டுவிட்டதாக, போன மாதம் மயிலாப்பூரில் ஒரு வாசகர் மிகச் சாதாரணமாக என்னிடம் சொன்னார்.

உங்கள் தாத்தாவோ கொள்ளுத்தாத்தாவோ உபதேசியாராகவோ, பாட்டி பைபிள் உமனாகவோ இருந்திருந்தால், பரணில் ஒரு முறை பாருங்கள். நோட்டு கிடைத்தால் எடைக்குப் போடாதீர்கள். தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது, கீழ்ப்பாக்கத்தில் குருகுல் இறையியல் கல்லூரி இருக்கிறது. கொடுக்க மனமில்லை என்றால் குறைந்தபட்சம் முதல் பக்கத்தைப் படம் எடுத்து இந்தத் தொடருக்கு அனுப்புங்கள்.